மனநிலை: அமைதி

சாரி-பெல் கணவாய் வானிலை நிலையம்,
மே 2.

வெனேரா டீச்சருக்கு,

நான் பெர்மெத்தின் அப்பா சகின்பெக். மார்ச்சில் அவளை அடக்கம் செய்த அன்று நீங்கள் எங்கள் ஊர் நாரினுக்கு வந்திருந்தீர்கள். நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றீர்கள். நேற்று நாற்பதாம் நாள் சாப்பாடு போட்டு முடித்துவிட்டு, இன்று காலை மறுபடி மேலே வேலைக்கு வந்துவிட்டேன். இங்கே செல்போன் எடுக்காது. ரேடியோவில் வெப்பம், காற்று, பனி இவற்றைத் தவிர வேறு பேசினால் மெமோ வரும். அதனால்தான் கடிதம். பனி தள்ளும் வண்டி ஓட்டும் துய்ஷோன் இதைக் கீழே கொண்டுபோய் பிஷ்கேக் போகும் கார்க்காரர்களிடம் கொடுப்பார். பதில் எழுதினால் அதே வழியில் எனக்கு வந்து சேரும்.

உங்கள் மேல் கோபப்பட்டு எழுதவில்லை. கோபம் நிறைய இருக்கிறது, அது உங்கள் பல்கலைக்கழகத் துணை டீன் மேல். என் மகள் செய்தது தப்பு. விடுதி அறையில் கூட இருந்த எல்னூரா பிரசவத்துக்குப் போய்விட்டாள் என்று அவள் பெயரில் போய்ப் பரீட்சை எழுதியிருக்கிறாள். பெரிய தியாகி! பிடிபட்டாள். தண்டனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு வருஷம் நிறுத்தி வைத்திருந்தால் வீட்டுக்கு வந்து அம்மாவோடு மாடு கறந்துகொண்டு இருந்திருப்பாள். ஆனால் நௌரூஸ் பண்டிகைக்கு முதல் நாள், ஊரே லீவுக்குக் கிளம்புகிற நேரத்தில், நீக்க உத்தரவைப் படத்தோடு வாசல் போர்டில் ஒட்டி, திங்கட்கிழமைக்குள் விடுதியைக் காலி செய் என்று சொல்லிவிட்டு, ஆபீஸைப் பூட்டிக்கொண்டு போனால் அதற்கு என்ன பெயர்? சனிக்கிழமை அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஆபீஸ் திறக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.

சரி, நான் கேட்க வந்தது வேறு. போன வாரம் விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டு, நீங்கள் எழுதும் பொறுப்பாசிரியர் பதிவேட்டில் ஒரு பக்கத்தின் நகலைக் காட்டினார். "பல்கலைக்கழகம் கவனிக்காம விடல, பாருங்க" என்றார். அதில் உங்கள் கையெழுத்தில் இருந்தது: மார்ச் 20, மாலை 3 மணி. பெர்மெத்துடன் தனிப்பட்ட உரையாடல் நடத்தப்பட்டது. தன் தவறை உணர்ந்தாள். மனநிலை: அமைதி.

அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. டீச்சர், எனக்குத் தெரிந்து அவளோடு கடைசியாக உட்கார்ந்து பேசிய பெரிய மனுஷி நீங்கள்தான். அவள் என்ன சொன்னாள்? ஒரு வரியில் எழுதி வைத்திருக்கிறீர்கள், அது பதிவேட்டுக்குப் போதும். எனக்குப் போதாது. அழுதாளா? எங்களைப் பற்றி ஏதாவது சொன்னாளா? அவள் அம்மா ஒன்றே ஒன்றைக் கேட்கச் சொன்னாள்: அன்றைக்குச் சாப்பிட்டிருந்தாளா?

ஞாபகம் இருக்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள். அவசரம் இல்லை.

சகின்பெக்


பிஷ்கேக்,
மே 11.

மதிப்புக்குரிய சகின்பெக் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் ஐந்தாம் தேதியே வந்துவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். தாமதத்துக்கு மன்னித்துவிடுங்கள்.

பெர்மெத் நல்ல பெண். வகுப்பில் யாரோடும் மனஸ்தாபம் இல்லாதவள். அன்று என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், டீ போட்டுக் கொடுத்தேன். ஜன்னல் திறந்திருந்தது, நல்ல வெயில், அவள் முகத்தில் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சம் வாடியிருந்தாள், ஆனால் அழவில்லை. தப்புப் பண்ணிவிட்டேன் என்று அவளாகவே சொன்னாள். உங்களைப் பற்றியும் பேசினாள். "அப்பா கோபப்படுவார், ஆனா கொஞ்ச நேரம்தான் டீச்சர், அப்புறம் சரியாயிடுவார்" என்றாள். அடுத்த வருஷம் மறுபடி சேர்ந்து படிப்பதாகவும் சொன்னாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சம்சா சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன் என்றாள். இதை அவள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

இதற்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை அண்ணா. அவள் மனதில் என்ன இருந்தது என்று அன்று யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. நீங்களும் அண்ணியும் உங்களை வருத்திக்கொள்ளக் கூடாது. கடவுள் உங்களுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும்.

மரியாதையுடன்,
வெனேரா


சாரி-பெல்,
மே 19.

வெனேராவுக்கு,

உங்கள் கடிதம் துய்ஷோன் கையில் வந்தது. வண்டி கிளம்ப அரை மணி இருந்தது. நின்றபடியே ஒரு தடவை படித்தேன், அப்படியே மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்து, வீட்டில் பெர்மெத்தின் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து அவர் வந்து சொன்னார்: "தங்கச்சி கடுதாசியப் படிச்சிட்டு அழுதுச்சு. அப்புறம் எந்திரிச்சு மாவு பெசஞ்சு போர்சோக் சுட்டுச்சு. எனக்கும் ஒரு பை குடுத்துச்சு." மார்ச்சுக்குப் பிறகு அவள் அடுப்பில் தானாக எண்ணெய் வைத்தது அன்றுதான். நானும் சந்தோஷப்பட்டேன். அந்தப் போர்சோக்கைச் சாப்பிட்டுக்கொண்டேதான் பழைய நோட்டை எடுத்தேன்.

என்ன நோட்டு என்று சொல்கிறேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை நாங்கள் ரீடிங் எடுத்துச் சொல்வோம். மற்ற ஸ்டேஷன்கள் சொல்வதையும் கேட்டு எழுதிக்கொள்வோம், பிஷ்கேக் உட்பட. உங்கள் கடிதத்தில் வெயில் என்று இருந்ததா, அவள் முகத்தில் விழுந்த வெயில் எத்தனை டிகிரி என்று பார்க்க ஆசை. வேறொன்றும் இல்லை. கிறுக்குத்தனம்தான்.

மார்ச் 20, பிஷ்கேக், மாலை 3 மணி. வானம் முழுக்க மேகம். ஈரப்பனி, மதியம் பன்னிரண்டிலிருந்து விடாமல். வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்று. மேற்கிலிருந்து காற்று.

ஈரப்பனி கொட்டும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வெயில் காய்ந்தீர்களா?

மறதி என்று எழுதிவிடாதீர்கள். டீ ஞாபகம் இருக்கிறது, சம்சா ஞாபகம் இருக்கிறது, அவள் பேசியது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது, காது உறைகிற பனி மட்டும் மறந்துபோய்விட்டதாக்கும்! என்ன நடந்தது? அவளைத் திட்டினீர்களா? துரத்தினீர்களா? எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். நான் தாங்கமாட்டேன் என்று நீங்களே முடிவு பண்ணாதீர்கள். என் தலையைத் தடவிக் கொடுக்க நான் உங்களிடம் கேட்கவில்லை.

இன்னொன்று. அந்தக் கடிதத்தை அவள் அம்மா தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாளாம். அதை அவளிடமிருந்து எப்படித் திருப்பி வாங்குவது? அதற்கும் ஒரு வழி எழுதுங்கள், படித்தவர் நீங்கள்தானே.

சகின்பெக்


பிஷ்கேக்,
மே 27.

சகின்பெக் அண்ணாவுக்கு,

பேசவில்லை. அன்று அவளோடு நான் பேசவில்லை. டீ, சம்சா, வெயில், எல்லாம் நான் எழுதியது. நீங்கள் அப்படிக் கேட்டிருந்தீர்கள், வெறுங்கையோடு உங்களை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அந்த நேரத்தில் அது இரக்கம் என்றே நினைத்தேன்.

அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நான்கு வகுப்பு, தொண்ணூற்றாறு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையோடும் பருவத்துக்கு மூன்று தனி உரையாடல் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். தேதி, நேரம், பொருள், மனநிலை என்று நான்கு கட்டம். கூட்டிப் பாருங்கள், வகுப்பெடுக்க எனக்கு நேரம் இருக்குமா? அதனால் பருவம் முடியும்போது, இல்லையென்றால் மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வரும்போது, ஒரே மூச்சில் எல்லாக் கட்டத்தையும் நிரப்புவோம். நான் மட்டும் இல்லை, பொறுப்பாசிரியர்கள் எல்லோரும். ஒருவர் பதிவேட்டைப் பார்த்து ஒருவர் எழுதுவோம். பேனாவைக்கூட மாற்றி மாற்றி எழுதச் சொல்வார்கள், பல நாள் எழுதியது போல இருக்குமாம். இது எங்களுக்குள் ஒரு சிரிப்பு. "என்ன வெனேரா, இன்னிக்கு எத்தனை பேரை அமைதிப்படுத்துன?" என்று கேட்டுக்கொள்வோம். பொய் எழுதுகிறோம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கட்டம் இருந்தது, நிரப்பினோம்.

எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று துணை டீன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார் என்று உங்கள் விசாரணை அதிகாரியிடம் சொல்லியிருப்பார்கள். இருக்கிறார். ஆறாயிரம் பேருக்கு ஒருவர். அவர் அறையில்தான் ஆண்டுவிழா நடன உடைகளைப் போட்டு வைத்திருக்கிறோம். யாராவது மனம் விட்டுப் பேசப் போனால் முதலில் நாற்காலியிலிருந்து ஜரிகைத் தொப்பிகளை இறக்கி வைக்க வேண்டும்.

உங்கள் கோபம் நியாயம். ஆனால் அண்ணா, உங்கள் காலில் விழுகிறேன், இந்தக் கடிதத்தை அதிகாரியிடம் காட்ட வேண்டாம். ஜூலையில் என் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் இந்த வயதில் எனக்கு வேறு எங்கே இடம் கிடைக்கும்? நான் அவளை நீக்கவில்லை, நான் போர்டில் ஒட்டவில்லை. உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான் போய் நின்றால் என்னை மட்டும் பிடித்துக்கொடுத்துவிட்டு அவர்கள் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அவள் திரும்பி வருவாளா?

வெனேரா


சாரி-பெல்,
ஜூன் 5.

வெனேராவுக்கு,

முதலில், என்னை அண்ணா என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். காலில் விழுவதையும்.

போன திங்கட்கிழமை பிஷ்கேக் வந்திருந்தேன். உங்களைப் பார்க்க வரவில்லை, பயப்படாதீர்கள். அவள் பள்ளிக்கூடச் சான்றிதழ் உங்கள் ஆபீஸில் இருக்கிறது, அவள் அம்மாவுக்கு அது வேண்டுமாம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். நூலகம், விடுதி, விளையாட்டுச் சாமான் அறை, எல்லா இடத்திலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். வாங்கினேன். மூன்று மாடி ஏறி இறங்கி வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் படிவத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாணவி நேர்ல வரணுமே" என்றாள்.

"அவ செத்துட்டாம்மா" என்றேன்.

"அப்படியா… அதுக்கு இங்க கட்டம் இல்லையே, கொஞ்சம் இருங்க, கேட்டுட்டு வரேன்" என்று போனாள். ஒரு மணி நேரம் கழித்து உங்கள் துணை டீனே வந்தார். கை கொடுத்தார், ஆழ்ந்த அனுதாபம் என்றார். பிறகு, "சட்டப்படி பாத்தா, இருபதாம் தேதி உத்தரவோட அவங்க எங்க மாணவியே இல்ல, அந்தப் படிவமே உங்களுக்குத் தேவைப்படாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாணவி இல்லை என்பதால் பல்கலைக்கழகத்துக்குப் பொறுப்பு இல்லை. அதே நாள் மாலை மூன்று மணிக்கு மாணவியைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியதால் பொறுப்பை நிறைவேற்றியாகிவிட்டது. இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறார், நாக்குச் சுளுக்கிக்கொள்ளவில்லை! சான்றிதழ் இன்னும் வரவில்லை.

இப்போது கேளுங்கள். அதிகாரி சொல்லிவிட்டார், ஜூன் 30 காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. அவர்கள் கையில் இருக்கும் ஒரே தடுப்புச் சுவர் உங்கள் ஒற்றை வரிதான். 'பேசினோம், அமைதியாக இருந்தாள், வீட்டில் ஏதாவது காரணம் இருக்கும்' என்று எழுதி மூடிவிடுவார்கள். அந்த வரி பொய் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் மூட முடியாது. நான் கேட்பது அவ்வளவுதான். உங்களைச் சிறையில் போடச் சொல்லவில்லை.

அவளை அடக்கம் செய்யப் போனபோது மூன்று நாள் இந்த ஸ்டேஷனில் ஆள் இல்லை. என் கூட்டாளி ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்ததும் தலைமை அலுவலகம் சொன்னது: "பக்கத்து ஸ்டேஷனைப் பார்த்து ஒரு குத்துமதிப்பாப் போட்டுருங்க." போடவில்லை. மூன்று நாளும் காலியாகவே இருக்கிறது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் கீழே எவனோ அதை நம்பிக் கணவாயில் வண்டியை விடுவான். உங்கள் பதிவேட்டையும் யாரோ நம்பினார்கள், வெனேரா. நான் நம்பினேன்.

வீட்டில் காரணம் என்று சொல்வார்கள் என்றேன் அல்லவா. இருக்கிறது. அதை நானே அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், உங்களுக்கும் சொல்கிறேன். மார்ச் 14, ஒழுங்குக் குழு அவளை விசாரித்த மறுநாள், அவள் பிஷ்கேக்கில் எங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். ரேடியோ போடும் அம்மாள் இரக்கப்பட்டு விதியை மீறி இரண்டு நிமிஷம் பேசவிட்டாள். "அப்பா, நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த அலைவரிசையில் பதினாறு ஸ்டேஷன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சகின்பெக் மகள் படிப்பை விட்டுவிட்டு ஓடி வருகிறாள் என்று மலை முழுக்கப் பரவிவிடும். அதனால், "படிப்ப முடிச்சுட்டு வா, முடிஞ்சது" என்று சொல்லி லைனை அணைத்தேன். பதினாறு பேருக்குப் பயந்து என் பிள்ளையின் குரலை நான் அணைத்தேன். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், உங்கள் பல்கலைக்கழகத்தில் யாருக்கும் தெரியாது.

என் பங்கை நான் கொடுத்துவிட்டேன். அதை வைத்து உங்கள் துணை டீன் நன்றாகக் கதை சமைப்பார், தெரியும். உங்கள் பங்கு எங்கே? அவள் செத்த பிறகு அவர் உங்களைக் கூப்பிட்டு எழுத வைத்தார் என்றால் அதையே எழுதுங்கள்.

சகின்பெக்


பிஷ்கேக்,
ஜூன் 17.

சகின்பெக் அவர்களுக்கு,

இன்று காலை விசாரணை அதிகாரியிடம் என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன். கைப்பட, இரண்டு பக்கம். ஒரு நகலைத் துணை டீனிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "வெனேரா, இதால யாருக்கு என்ன லாபம்? எல்லாப் பொறுப்பாசிரியரையும் சேத்து மாட்டி விடுறீங்களே" என்றார். "லாபம் எதுவும் இல்ல சார்" என்றேன். "உடம்பு சரியில்லன்னு ஒரு மாசம் லீவு போட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். வேண்டாம் என்றேன். அறைக்கு வந்தால், கூட வேலை செய்கிறவள் டீக்குவளையை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். பதினோரு வருஷமாக ஒரே கெட்டிலில் டீ குடித்தோம்.

உங்கள் கடிதத்தில் ஒன்று தவறு. அதை நான்தான் உங்களைத் தவறாக நினைக்க விட்டேன். அவள் போன பிறகு துணை டீன் என்னைக் கூப்பிட்டு எழுத வைக்கவில்லை. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று அவர் சொன்னது பிப்ரவரியில், எல்லோருக்கும் பொதுவான கூட்டத்தில். பண்டிகை முடிந்ததும் பார்வையிட ஆட்கள் வருவதாக இருந்தது. நான் அந்த வரியை எழுதியது மார்ச் 20-ஆம் தேதியேதான். யாரும் சொல்லி எழுதவில்லை, உயிரோடு இருக்கும் பெண்ணைப் பற்றித்தான் எழுதினேன். அவர் மேல் பழி விழட்டும் என்று போன கடிதத்தில் கோணலாக எழுதிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறேன், ஆனால் முதலில் உங்களுக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். அன்று அவளோடு பேசவில்லை என்று சொன்னேன். உட்கார வைத்துப் பேசவில்லை என்பது மட்டும்தான் உண்மை. அவள் வந்தாள்.

நான் காலையிலிருந்து பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். மேஜை மேல் நான்கு பதிவேடு, மூன்று பேனா. ஐந்து மணிக்கு முடித்துவிட்டுப் பண்டிகைக்குச் சாமான் வாங்கப் போக வேண்டும் என்று அவசரம். உத்தரவை ஒட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும், வரும்போதே பார்த்தேன். போய் அவளைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதா என்று உங்கள் அதிகாரி கேட்டார். தோன்றியது. இதை முடித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

மூன்று மணி இருக்கும். கதவைத் தட்டிக் கொஞ்சமாகத் திறந்தாள். தலைமுடியில் பனி இருந்தது.

"டீச்சர், உள்ள வரலாமா?"

"வேலையா இருக்கேன் பெர்மெத். லீவு முடிஞ்சு திங்கக்கிழமை வாயேன்."

"திங்கக்கிழமை நான் ஹாஸ்டல்ல இருக்க முடியாது டீச்சர்."

"அப்போ செவ்வாக்கிழமை வா, பேசலாம். எல்லாம் சரியாயிடும்."

நான் நிமிர்ந்து பார்த்தது ஒரு தடவைதான். அவள் சிரித்தது போல இருந்தது. மேஜை மேல் இருந்த பதிவேடுகளைப் பார்த்தாள். என்ன எழுதுகிறேன் என்று கதவிலிருந்து தெரிந்திருக்காது, தெரிந்திருக்கக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

"சரி டீச்சர். நௌரூஸ் வாழ்த்துகள்" என்றாள்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். எங்கள் கட்டிடத்தில் எல்லாக் கதவும் காற்றுக்குப் படாரென்று அடிக்கும். பிடித்து மெதுவாகச் சாத்தினாள். நான் பெயர் வரிசைப்படி எழுதிக்கொண்டு போனேன், கொஞ்ச நேரத்தில் அவள் பெயர் வந்தது. மனநிலை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். கதவை மெதுவாகத்தானே சாத்தினாள் என்று 'அமைதி' என்று எழுதினேன். மற்ற தொண்ணூற்றைந்து பேருக்கும் யோசிக்காமல் எழுதியது, அவளுக்கு மட்டும் யோசித்து எழுதினேன்.

சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. அவள் அம்மாவிடம் இருக்கும் என் பழைய கடிதத்தை எப்படித் திருப்பி வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. வேண்டுமானால் நானே நாரினுக்கு வந்து சொல்கிறேன். அடித்தால் வாங்கிக்கொள்கிறேன்.

வெனேரா


சாரி-பெல்,
ஜூன் 23.

வெனேராவுக்கு,

படித்தேன். நோட்டை எடுத்துச் சரிபார்க்கவில்லை.

நாரினுக்கு இப்போது வராதீர்கள். அவள் அம்மாவிடம் நான் சொல்வேன், எப்போது என்று தெரியாது. அவள் மறுபடி மாவு பிசைய ஆரம்பித்திருக்கிறாள். உங்கள் பொய்யை இப்போது நான் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன். இதற்காகவே உங்களைச் சும்மா விடக்கூடாது.

முப்பதாம் தேதி பத்து மணி, மூன்றாம் மாடி. அதிகாரியிடமிருந்து தலைமை அலுவலகம் வழியாக ரேடியோவில் செய்தி வந்தது, உங்கள் வாக்குமூலத்துக்குப் பிறகு மூடுவதற்கில்லையாம், எல்லாப் பதிவேட்டையும் கேட்டிருக்கிறார்களாம். பதினாறு ஸ்டேஷனும் கேட்டது. கேட்கட்டும். உங்கள் ஆட்கள் அன்று உங்களைப் பைத்தியம் என்பார்கள், வேலையில் அக்கறை இல்லாதவள் என்பார்கள், எல்லாம் இவள் ஒருத்தி செய்தது என்பார்கள். லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்ளாதீர்கள். வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள். பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்று தெரிகிறது, நான் உட்காருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், உங்களோடு ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். அந்த நாற்காலி காலியாக இருந்தால் அவர்களுக்கு வசதியாகப் போய்விடும், அதற்காகத்தான்.

ஒன்று மட்டும் விட்டுவிட்டீர்கள். அவள் உங்களுக்கு நௌரூஸ் வாழ்த்துச் சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் திருப்பிச் சொன்னீர்களா என்று எழுதவில்லை.

எழுத வேண்டாம்.

சகின்பெக்